கணினியில் சொந்தக் கோப்புகளைப் பாஸ்வேர்டு போட்டுப் பாதுகாப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினைந்து வருடங்களாகக் கணினி பழுதுபார்த்துக் கொடுக்கிறேன். சரிசெய்ய வரும் பத்து லேப்டாப்பில் எட்டு, நான் விரும்பினால் முழுசாகத் திறந்து பார்த்துவிடக்கூடிய நிலையில்தான் வருகின்றன. வீட்டுப் பத்திரம், ஆதார் நகல், மருத்துவ அறிக்கை, குடும்பப் படங்கள் எல்லாம் அதில் இருக்கும். கொண்டு வருபவரோ, “பாஸ்வேர்டு போட்டிருக்கேனே சார், யாரும் பார்க்க முடியாதுல்ல?” என்று நம்பிக்கையோடு கேட்பார். அந்த நம்பிக்கை எங்கே சரி, எங்கே தவறு என்று சொல்லத்தான் இந்தப் பக்கம். பெரும்பாலும் விண்டோஸ் பற்றித்தான் பேசுகிறேன். வீடுகளில் அதுதான் இருக்கிறது.

கணினியைத் திறக்கவே பாஸ்வேர்டு கேட்கிறது. அது போதாதா?

போதாது. விண்டோஸ் தொடக்கத் திரையில் கேட்கும் பாஸ்வேர்டு, அந்த விண்டோஸுக்குள் நுழைய மட்டும்தான் காவல். பின்னால் சொல்லப்போகும் பிட்லாக்கர் போன்ற குறியாக்கம் இல்லாவிட்டால், உங்கள் கோப்புகள் வட்டில் வெறும் கோப்புகளாகவே கிடக்கின்றன. ஒரு பென் டிரைவில் லினக்ஸைப் போட்டுக் கொண்டுவந்து அதிலிருந்து கணினியை இயக்கினால், விண்டோஸ் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. பாஸ்வேர்டையும் யாரும் கேட்க மாட்டார்கள். டி டிரைவ், டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ் எல்லாம் திறந்த வீடு. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டினாலும் இதே கதை. வாசலில் திண்டுக்கல் பூட்டு தொங்குகிறது, கொல்லைப்பக்கம் சுவரே இல்லை என்பது மாதிரி.

அதற்காக அந்தப் பாஸ்வேர்டு வீண் என்று எடுத்துவிடாதீர்கள். அலுவலகத்தில் எழுந்து போகும்போது விண்டோஸ் விசையையும் எல் விசையையும் சேர்த்து அழுத்திப் பூட்டிவிட்டுப் போனால், பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்ப்பதை அது தடுக்கும். வீட்டில் பலர் ஒரே கணினியைப் பயன்படுத்தினால் ஆளுக்கொரு பயனர் கணக்கு வைப்பதும் நல்லது. ஆனால் நிர்வாகி உரிமை உள்ள கணக்கை வைத்திருப்பவர் மற்றவர்களின் ஃபோல்டரையும் திறக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

கோப்பின் உள்ளடக்கத்தையே சாவியில்லாமல் படிக்க முடியாதபடி உருமாற்றி வைப்பதற்குப் பெயர் குறியாக்கம், அதாவது என்கிரிப்ஷன். வட்டைக் கழற்றினாலும் நகல் எடுத்தாலும் கையில் கிடைப்பது குப்பை எழுத்துகள்தான். பாஸ்வேர்டு கேட்கும் எந்த மென்பொருளைப் பார்த்தாலும், ‘இது பூட்டு மட்டும் போடுகிறதா, உள்ளே இருப்பதையும் உருமாற்றுகிறதா?’ என்று முதலில் கேளுங்கள்.

ஒரு ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து பாஸ்வேர்டு போட விண்டோஸில் வழி இல்லையா?

இல்லை. எந்தப் பதிப்பிலும் இல்லை. பிராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்ட் என்று போனால் ‘என்கிரிப்ட் கன்டென்ட்ஸ் டு செக்யூர் டேட்டா’ என்று ஒரு கட்டம் இருக்கும். பலர் அதைத்தான் பாஸ்வேர்டு போடும் வழி என்று நினைக்கிறார்கள். ஹோம் பதிப்பில் அது மங்கலாகவே இருக்கும், டிக் செய்ய முடியாது. புரோ பதிப்பில் வேலை செய்யும். ஆனால் தனியாகப் பாஸ்வேர்டு எதுவும் கேட்காது. உங்கள் கணக்கில் யார் உட்கார்ந்திருந்தாலும் கோப்பு திறக்கும்.

இதில் உள்ள ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். அதற்கான சாவி, உங்கள் பயனர் கணக்கோடு சேர்ந்த ஒரு சான்றிதழில் இருக்கிறது. அந்தச் சான்றிதழைத் தனியே எடுத்து வைக்காமல் விண்டோஸை மறுபடி நிறுவினால், கோப்புகள் கண்ணெதிரே இருக்கும், திறக்கவே திறக்காது. இப்படிப் படங்களை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் வீட்டு உபயோகத்துக்கு இதை நான் சொல்வதில்லை.

நோட்பேடில் சில வரிகள் ஒட்டி ‘லாக்கர்’ என்று ஒரு பேட்ச் ஃபைல் செய்தால் ஃபோல்டர் பூட்டிக்கொள்கிறதே?

பல வருடங்களாகச் சுற்றிக்கொண்டிருக்கும் வித்தை இது. தயவுசெய்து நம்ப வேண்டாம். அந்த ஃபைல் செய்வது இரண்டே காரியம்: ஃபோல்டரின் பெயரைக் கன்ட்ரோல் பேனல் போலத் தோன்றும்படி மாற்றுகிறது, பிறகு மறைக்கிறது. நீங்கள் வைத்த பாஸ்வேர்டு அதே பேட்ச் ஃபைலுக்குள் எழுத்து எழுத்தாக இருக்கிறது. ரைட் கிளிக் செய்து எடிட் கொடுத்தால் எட்டு வயதுப் பிள்ளைகூடப் படித்துவிடும்.

ஃபோல்டரை ‘ஹிடன்’ ஆக்குவதும் அப்படித்தான். மறைந்ததைக் காட்டச் சொல்லும் வசதி எக்ஸ்புளோரரிலேயே இருக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் ஃபோல்டர் லாக் மென்பொருள்களிலும் பல, மறைப்பதையும் தடுப்பதையும் தாண்டி எதுவும் செய்வதில்லை. விண்டோஸை சேஃப் மோடில் திறந்தாலோ, வட்டைக் கழற்றிப் பார்த்தாலோ எல்லாம் தெரிந்துவிடும். விளம்பரத்தில் என்ன குறியாக்க முறை என்றே சொல்லாத மென்பொருளைத் தொடாதீர்கள்.

சரி, எதைத்தான் பயன்படுத்துவது?

எப்போதாவது ஒருமுறை எடுக்கும் சில ஆவணங்கள் என்றால், பல கோப்புகளைச் சுருக்கி ஒரே கோப்பாக்கிப் பூட்டும் செவன்-ஜிப். அன்றாடம் திறந்து வேலை செய்யும் கோப்புகள் என்றால், பூட்டிய பெட்டகம் ஒன்றை உருவாக்கித் தரும் வெராகிரிப்ட். வெளியே எடுத்துப் போகும் லேப்டாப் என்றால், இவற்றுக்கெல்லாம் முன்னால், வட்டு முழுவதற்கும் விண்டோஸோடு வரும் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன். செவன்-ஜிப்பும் வெராகிரிப்ட்டும் இலவசம். அவற்றின் அதிகாரபூர்வ தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள்.

செவன்-ஜிப்பில் எப்படிச் செய்வது?

ஃபோல்டரை ரைட் கிளிக் செய்யுங்கள். விண்டோஸ் 11 ஆக இருந்து செவன்-ஜிப் கண்ணில் படவில்லை என்றால் ‘ஷோ மோர் ஆப்ஷன்ஸ்’ கொடுங்கள். ‘ஆட் டு ஆர்க்கைவ்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஒரு பெட்டி திறக்கும். அதில் ஆர்க்கைவ் ஃபார்மட் என்ற இடத்தில் செவன்-இசட் இருக்கட்டும். வலப்பக்கம் பாஸ்வேர்டை இரண்டு முறை கொடுங்கள். அதற்குக் கீழே ‘என்கிரிப்ட் ஃபைல் நேம்ஸ்’ என்று ஒரு சிறு கட்டம் இருக்கும். அதை அவசியம் டிக் செய்யுங்கள். செய்யாவிட்டால் கோப்பைத் திறக்க முடியாதே தவிர, உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பெயர்ப் பட்டியல் எல்லோருக்கும் தெரியும். ‘பயாப்சி ரிசல்ட்’, ‘விவாகரத்து மனு’ என்று ஒரு கோப்பின் பெயர் இருந்தால், உள்ளே படிக்கவா வேண்டும்?

ஓகே கொடுத்ததும் புதிய கோப்பு ஒன்று உருவாகும். அதைத் திறந்து பாருங்கள். பாஸ்வேர்டு சரியாக வேலை செய்கிறதா, எல்லாக் கோப்பும் உள்ளே வந்திருக்கிறதா என்று சோதித்த பிறகுதான் மூலத்தைத் தொட வேண்டும்.

ஜிப் என்றே வைத்துக்கொள்ளலாமா? எல்லோருக்கும் திறக்கும் அல்லவா?

ஜிப்பைத் தேர்ந்தெடுத்தால் செவன்-ஜிப் தானாக ‘ஜிப்கிரிப்டோ’ என்ற பழைய முறையைப் பிடித்துக்கொள்ளும். அதை எப்படி உடைப்பது என்று 1994லேயே பிஹாம், கோச்சர் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். உள்ளே இருக்கும் கோப்பு ஒன்றின் சிறு பகுதி தெரிந்திருந்தால் போதும், பாஸ்வேர்டு எவ்வளவு நீளமாக இருந்தாலும் திறந்துவிடலாம். ஜிப்தான் வேண்டும் என்றால் என்கிரிப்ஷன் மெத்தட் என்ற இடத்தில் ஏ.ஈ.எஸ்-256 என்று மாற்றுங்கள். அப்போதும் கோப்புப் பெயர்கள் மறையாது.

செவன்-இசட் வடிவத்தில் இன்னொரு நன்மை: நீங்கள் தட்டும் பாஸ்வேர்டை அது 5,24,288 முறை கணக்குப் போட்டுக் கடைந்த பிறகுதான் சாவியாக மாற்றுகிறது. உங்களுக்கு அது கண் இமைக்கும் நேரம். லட்சக்கணக்கில் ஊகித்துப் பார்க்க வருபவனுக்கு ஒவ்வொரு ஊகத்துக்கும் அந்த உழைப்பு.

பூட்டிய பிரதி தயார். மூலக் கோப்பை டெலிட் செய்தால் போதுமா?

பலர் சறுக்குவது இங்கேதான். பூட்டிய பிரதியை உருவாக்கிவிட்டு மூலத்தை டெஸ்க்டாப்பிலேயே விட்டுவிடுபவர்கள் உண்டு. டெலிட் செய்தாலும் ரீசைக்கிள் பின்னில் இருக்கும். அதையும் காலி செய்தாலும், பழைய ஹார்ட் டிஸ்க்கில் கோப்பின் தடம் அப்படியே கிடக்கும். அதன் மீது வேறு தகவல் எழுதப்படும் வரை மீட்பு மென்பொருள் அதைத் தூக்கி நிறுத்தும். வாடிக்கையாளர்கள் தவறுதலாக அழித்த கல்யாணப் படங்களை நான் மீட்டுக் கொடுப்பதும் இதே வழியில்தான்.

புதிய லேப்டாப்களில் வரும் எஸ்எஸ்டி வட்டில் நிலைமை வேறு. அங்கே ஒரு கோப்பின் மேல் எழுதி அழிக்கிறேன் என்று நீங்கள் சொன்னாலும், வட்டு தன் தேய்மானத்தைச் சமன் செய்ய வேறொரு இடத்தில் எழுதிக்கொள்ளும். பழைய இடம் எப்போது துடைக்கப்படும் என்பது அதன் கையில். ஆகவே அழிப்பதை நம்பாமல், முதலில் இருந்தே குறியாக்கம் செய்த இடத்துக்குள் கோப்பை உருவாக்குவதுதான் நல்ல வழி. ஸ்கேன் செய்யும்போதே பெட்டகத்துக்குள் சேமியுங்கள்.

செவன்-ஜிப்புக்குள் இருக்கும் கோப்பை அங்கேயே இருமுறை தட்டித் திறந்தால், அது தற்காலிக ஃபோல்டர் ஒன்றில் விரித்துத்தான் காட்டுகிறது. மூடியதும் அழிக்கிறது, ஆனால் மேலே சொன்ன அதே தடப் பிரச்சினை இதற்கும் உண்டு. தினமும் திறக்கும் கோப்புக்குச் செவன்-ஜிப் வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

வேர்டு, எக்செல் கோப்புக்கு மட்டும் போட வேண்டும். வழி உண்டா?

உண்டு, நல்ல வழி. ஃபைல், இன்ஃபோ, அங்கே ‘புரொடெக்ட் டாகுமென்ட்’ (எக்செல்லில் ‘புரொடெக்ட் ஒர்க்புக்’), அதற்குள் ‘என்கிரிப்ட் வித் பாஸ்வேர்டு’. லிப்ரே ஆஃபீஸில் ‘சேவ் அஸ்’ பெட்டியிலேயே ‘சேவ் வித் பாஸ்வேர்டு’ என்ற கட்டம் இருக்கிறது. ஆனால் 97-2003 என்ற பழைய வடிவத்தில் சேமிக்காதீர்கள். அதன் குறியாக்கம் மிகப் பலவீனம். எக்செல்லில் ‘புரொடெக்ட் ஷீட்’ என்று இருப்பதும் பாதுகாப்பு அல்ல. கட்டங்களில் யாரும் கைதவறி மாற்றிவிடாமல் இருக்க வைத்த தடுப்பு அது. படிப்பதைத் தடுக்காது, எடுத்துவிடவும் எளிது.

இ-ஆதார் பிடிஎஃப் ஏற்கெனவே பாஸ்வேர்டோடுதானே வருகிறது?

வருகிறது. ஆனால் அந்தப் பாஸ்வேர்டு என்ன என்று ஊருக்கே தெரியும்: பெயரின் முதல் நான்கு எழுத்துகள் ஆங்கிலப் பெரிய எழுத்தில், பின்னால் பிறந்த ஆண்டு. உங்கள் பெயரும் ஏறக்குறைய வயதும் தெரிந்த யாருக்கும் நான்கைந்து முயற்சியில் திறக்கும். பிறந்த தேதியையே பாஸ்வேர்டாக வைத்து வரும் ஆவணங்களும் நிறைய. தேதி எட்டு இலக்கம் என்றதும் பெரிய எண் போலத் தெரியும். நூறு வருடத்துக்குக் கணக்குப் போட்டால் மொத்தமே 36,500 நாள்கள் சொச்சம்தான். சாதாரணக் கணினி சில நிமிடங்களில் அத்தனையையும் போட்டுப் பார்த்துவிடும்.

ஜெராக்ஸ் கடைக் கணினியிலோ நெட் சென்டரிலோ இ-ஆதாரை இறக்கி பிரின்ட் எடுத்தால், டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலிருந்தும் ரீசைக்கிள் பின்னிலிருந்தும் உங்கள் கையாலேயே நீக்கிவிட்டு எழுந்திருங்கள். கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பி பிரின்ட் எடுத்திருந்தால், அவர் கண்ணெதிரே அழிக்கச் சொல்லுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். அது உங்கள் ஆவணம்.

வெராகிரிப்ட் என்பது என்ன?

டிரூகிரிப்ட் என்று ஒரு குறியாக்க மென்பொருள் இருந்தது. 2014 மே மாதம் அதைச் செய்தவர்கள் திடீரென்று நிறுத்திவிட்டார்கள். அதன் வழியில் 2013லிருந்து வளர்ந்து வருவது வெராகிரிப்ட். இது ஒரு பெரிய கோப்பை உருவாக்கும், ஐந்து ஜிபி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் அர்த்தமில்லாத ஒரு கோப்பு. பாஸ்வேர்டு கொடுத்ததும் அது இன்னொரு டிரைவ் போல, எம் டிரைவ், என் டிரைவ் என்று வந்து நிற்கும். சாதாரண டிரைவ் மாதிரியே அதற்குள் வேலை செய்யலாம். வேலை முடிந்து அந்த டிரைவைத் துண்டித்துவிட்டால் மறுபடி மூடிக்கொள்ளும்.

உருவாக்கும்போது சில நொடிகள் மவுஸை இங்குமங்கும் அசைக்கச் சொல்லும். சாவிக்குத் தேவையான ஒழுங்கற்ற எண்களை அதிலிருந்து எடுக்கிறது, சலிக்காமல் அசையுங்கள். நான்கு ஜிபிக்கு மேற்பட்ட வீடியோ எதையும் உள்ளே வைப்பதாக இருந்தால் ஃபேட் வடிவம் வேண்டாம், என்டிஎஃப்எஸ் தேர்ந்தெடுங்கள். அந்தப் பெட்டகக் கோப்பின் நகல் ஒன்று வேறு வட்டில் எப்போதும் இருக்கட்டும். எல்லா முட்டையும் ஒரே கூடையில் இருக்கிறது.

டிரைவ் திறந்திருக்கும் வரை கோப்புகளும் திறந்தே இருக்கின்றன. சாப்பிடப் போகும்போது மூடுங்கள்.

பிட்லாக்கர் என் கணினியில் இருக்கிறதா?

2007ல் விஸ்டாவோடு வந்தது பிட்லாக்கர். இன்றும் முழு வசதி புரோ பதிப்பில்தான். ஹோம் பதிப்பில், கணினியின் வன்பொருள் ஒத்துழைத்தால், டிவைஸ் என்கிரிப்ஷன் என்ற பெயரில் அதன் எளிய வடிவம் இருக்கும். செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி என்று போய்ப் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்திருந்தால்தான் அது முழுமையாக வேலை செய்யும்.

விண்டோஸ் 11ன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கோடு தொடங்கினால், இது தானாகவே இயங்க ஆரம்பிக்கிறது. நல்லதுதான். ஆனால் தன் வட்டு குறியாக்கம் ஆகியிருக்கிறது என்றே பலருக்குத் தெரிவதில்லை. ஒருநாள் மதர்போர்டு மாற்றுவோம், அல்லது பயாஸ் அப்டேட் ஆகும். நீலத் திரை வந்து 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அந்தத் திரையோடு என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் அப்போதுதான் பிட்லாக்கர் என்ற சொல்லையே முதன்முதலாகக் கேட்கிறார்கள். அந்தச் சாவி பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். எந்த மின்னஞ்சலில் கணக்குத் தொடங்கினோம் என்பதே மறந்துபோயிருந்தால் என்ன செய்வது?

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் தவறான அப்டேட் ஒன்றால், மைக்ரோசாஃப்ட் மதிப்பீட்டின்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நின்றுபோயின. அவற்றைச் சரிசெய்யப் போனவர்களிடம் பிட்லாக்கர் இருந்த கணினிகளெல்லாம் இந்தச் சாவியைத்தான் கேட்டன. தகவல்தொழில்நுட்பத் துறையே வைத்திருக்கும் அலுவலகங்கள் தடுமாறின என்றால் நாம் எம்மாத்திரம்? இன்றைக்கே உங்கள் மீட்புச் சாவியை எடுத்துக் காகிதத்தில் அச்சிட்டு, வீட்டுப் பத்திரம் இருக்கும் பீரோவில் வையுங்கள். லேப்டாப் பையில் வைக்காதீர்கள்.

எப்படிப்பட்ட பாஸ்வேர்டு வைப்பது?

நீளமானது. ‘ஏ’வுக்குப் பதில் அட் குறி, ‘எஸ்’ஸுக்குப் பதில் டாலர் குறி என்ற வித்தையெல்லாம் உடைப்பவனின் பட்டியலில் முதலிலேயே இருக்கிறது. 1995ல் ஆர்னால்ட் ரெயின்ஹோல்ட் ஒரு முறையைச் சொன்னார். பகடையை ஐந்து முறை உருட்டினால் 7,776 விளைவுகள் வரலாம். அத்தனை சொற்கள் கொண்ட பட்டியலில் ஒவ்வொரு விளைவுக்கும் ஒரு சொல். இப்படி ஐந்து சொற்கள் எடுத்துக் கோத்தால், சாத்தியங்கள் 28க்குப் பின்னால் 18 பூஜ்யங்கள்.

நம்மிடம் பட்டியல் இல்லாவிட்டாலும், தமிழ் அகராதியைக் கண்ணை மூடிக்கொண்டு புரட்டி விரல் விழும் சொல்லை எடுக்கலாம். பம்பரம், உப்பு, மயில், வயல், நரி என்பது மாதிரி ஒன்றுக்கொன்று ஒட்டாத சொற்கள். ஆறு இருந்தால் இன்னும் நல்லது. இந்த ஐந்தை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள், இங்கே எழுதிவிட்டேன். குறள் வரி, பாட்டு வரி, குலதெய்வத்தின் பெயர், பிள்ளைகளின் பெயர் எதுவும் வேண்டாம். நீங்கள் யோசித்துப் பிடிக்கும் சொல்லைவிட, விரல் தானாக விழுந்த சொல்தான் வலு.

ஆங்கில எழுத்தில் தட்டப் போகிறீர்கள் என்றால் ழ, ண, ற வரும் சொற்களைத் தவிருங்கள். ‘ழ’வுக்கு ஒருநாள் இசட்-எச் போடுவோம், ஆறு மாதம் கழித்து எல் போட்டுவிட்டு ‘ஏன் திறக்கவில்லை’ என்று விழிப்போம்.

தமிழ் எழுத்திலேயே பாஸ்வேர்டு வைக்கலாமா?

எனக்கும் ஆசைதான். ஆனால் பெட்டகச் சாவிக்கு வேண்டாம். தமிழ் விசைப்பலகை இல்லாத இன்னொரு கணினியில் திறக்க வேண்டி வந்தால் தவிப்பீர்கள். அதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று யூனிகோடில் இருக்கிறது. ‘கொ’ என்ற எழுத்தை, க-வோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்த்தும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே போல் தெரியும். கணினிக்கு இரண்டும் வேறு. ஒரு விசைப்பலகையில் வைத்த பாஸ்வேர்டு இன்னொன்றில் தட்டும்போது ஏற்காமல் போகலாம், காரணமும் கண்ணுக்குத் தெரியாது.

மறந்துவிட்டால் மீட்க முடியுமா?

முடியாது. சரியான குறியாக்கம் என்றால் அதைச் செய்த நிறுவனத்தாலும் முடியாது, என்னாலும் முடியாது. ‘எந்தப் பாஸ்வேர்டையும் உடைத்துத் தருகிறோம்’ என்று பணம் கேட்பவர்களிடம் ஏமாறாதீர்கள்.

ஓய்வுபெற்ற ஒருவர் தன் வைப்புத்தொகை விவரம், யாருக்கு என்ன கொடுக்க வேண்டும், என்ன வர வேண்டும் என்பதையெல்லாம் ஒரே கோப்பில் எழுதி, மிகச் சரியான முறையில் பூட்டி வைத்திருந்தார். அவர் மறைந்த பிறகு மகன் அந்தக் கணினியை என்னிடம் கொண்டு வந்தார். அம்மா பெயர், பழைய வீட்டு எண், ஸ்கூட்டர் எண் என்று இரண்டு நாள் உட்கார்ந்து போட்டுப் பார்த்தோம். திறக்கவில்லை. அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. திருடனுக்குப் போன கோப்புகளைவிட, சொந்தப் பூட்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்ட கோப்புகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அதனால் பூட்டுவதற்கு முன்பே, ‘நான் இல்லாவிட்டால் இதை யார் திறக்க வேண்டும்?’ என்று முடிவு செய்யுங்கள். பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, அவருக்குத் தெரிந்த இடத்தில் வையுங்கள். யாருமே திறக்கக் கூடாத கோப்பு என்றால் அதுவும் உங்கள் உரிமை. ஆனால் வைப்புத்தொகை விவரத்தையும் அதே பெட்டகத்தில் போடாதீர்கள். நிறைய பாஸ்வேர்டுகள் இருந்தால் கீபாஸ் போன்ற மென்பொருளில் சேர்த்துவிட்டு, அதன் முதன்மைச் சாவி ஒன்றை மட்டும் உறையில் வைத்தால் போதும்.

சர்வீஸுக்குக் கொடுக்கும்போது என்ன செய்வது?

இந்தத் தொழிலில் இருந்துகொண்டே சொல்கிறேன்: நம்பிக்கையை மட்டும் நம்பாதீர்கள். 2008ல் ஹாங்காங்கில் ஒரு நடிகர் பழுதுபார்க்கக் கொடுத்த லேப்டாப்பிலிருந்து அந்தரங்கப் படங்கள் வெளியேறி, அவரோடு சேர்த்துப் பல பெண்களின் வாழ்க்கையும் சிதைந்தது. கனடாவின் குயெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022ல் வெளியிட்ட ஆய்வில், பழுதுபார்க்கக் கொடுத்த லேப்டாப்களின் உள்பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். ஆறு கடைகளில் சொந்தக் கோப்புகளைத் திறந்து பார்த்திருந்தார்கள். அதில் இரண்டு கடைகளில் நகலும் எடுத்திருந்தார்கள்.

விசைப்பலகை, திரை, பேட்டரி, விசிறி போன்ற வேலைகளுக்கு உங்கள் பாஸ்வேர்டே தேவையில்லை. கேட்டால் ஏன் என்று கேளுங்கள். வட்டைக் கழற்ற முடியும் என்றால் கழற்றி வைத்துக்கொண்டு கொடுங்கள். அவசியம் உள்ளே நுழைய வேண்டிய பழுது என்றால், சர்வீஸுக்கென்று ஒரு புதிய சாதாரணப் பயனர் கணக்கு உருவாக்கி அதன் பாஸ்வேர்டைக் கொடுங்கள். அந்தரங்கமானவை மூடிய பெட்டகத்துக்குள் இருக்கட்டும்.

வைரஸ் வந்தால் பாஸ்வேர்டு காப்பாற்றுமா?

படிக்க விடாது, அவ்வளவுதான். கோப்பை அழிக்கவோ, பணம் கேட்கும் வைரஸ் அதன் மேலேயே இன்னொரு பூட்டைப் போடவோ தடையில்லை. பெட்டகம் திறந்திருக்கும்போது வைரஸ் இருந்தால் படிக்கவும் செய்யும். கணினியோடு எப்போதும் இணைந்திராத ஒரு வெளி வட்டில் நகல் வையுங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மேக், லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு?

மேக்கில் ஃபைல்வால்ட்டை இயக்கினால் வட்டு முழுதும் குறியாக்கம் ஆகும். தனிப் பெட்டகம் வேண்டும் என்றால் டிஸ்க் யுடிலிட்டியிலேயே குறியாக்கம் செய்த டிஸ்க் இமேஜ் உருவாக்கலாம். லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு, நிறுவும்போதே வட்டைக் குறியாக்கம் செய்யும் வாய்ப்பைக் கேட்கும். வெராகிரிப்ட் இரண்டிலும் உண்டு.

பூட்டிய கோப்பை ஆடிட்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். பாஸ்வேர்டையும் அதிலேயே அனுப்பலாமா?

வேண்டாம். கோப்பு ஒரு வழியில் போனால் பாஸ்வேர்டு வேறு வழியில் போகட்டும். போன் போட்டு வாயால் சொல்லுங்கள், அவர் எழுதிக்கொள்ளட்டும். அவருக்கு அனுப்பும் கோப்புக்கென்று தனியாக ஒரு பாஸ்வேர்டு வையுங்கள். உங்கள் பெட்டகத்தின் பாஸ்வேர்டையே அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.